தேறி வந்த கை

ஏஞ்சலினுக்கு இடது காது சரியாகக் கேட்காது. ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் அந்தப் பக்கம் நின்று அளவு சொன்னால், "செத்த இந்தப் பக்கம் வந்து சொல்லு தாயி" என்பாள். பிறவியிலேயே இப்படியா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவாள். கல்யாணமான மூன்றாம் வருஷம், குழம்பில் உப்புக் கூடிப்போன ஒரு மத்தியானம், பிராங்கிளினின் வலது கை அந்தக் காதின்மேல் இறங்கியது. அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

பிராங்கிளின் திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே ஓடிய பஸ்ஸில் டிரைவர். அவனைப்போல நிதானமான டிரைவர் இந்த லைனிலேயே கிடையாது என்பார்கள். தைப்பூசக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தாலும் ஹாரனை ஒரு தடவைக்குமேல் அமுக்கமாட்டான். குடிப்பழக்கமும் இல்லை. குடித்துவிட்டு அடித்திருந்தால் ஊர் குடியைத் திட்டியிருக்கும். இவன் தெளிந்த புத்தியோடு, கதவைச் சாத்திவிட்டு அடித்தான். அடிப்பதற்கு முன்னால் உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வரும். அதைப் பார்த்ததும் ஏஞ்சலின் மகள் ஷைனியை அடுப்படிக்குள் தள்ளிவிடுவாள். பெயர் சொல்லி அவளை அவன் கூப்பிட்டதே இல்லை. சனியனே என்பான். சோறு போடு சனியனே, சட்டைய எடு சனியனே, கோயிலுக்குக் கிளம்பு சனியனே.

இருபத்திரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒவ்வொரு தவக்காலத்திலும் கோயில் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிற சிலுவைப்பாதைப் படங்களுக்கு முன்னால் முட்டி போட்டு, அவன் மனம் மாற வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். ஒரே ஒரு வருஷம், முன்பல் ஆடிக்கொண்டிருந்த அந்த வருஷம், பதினோராம் தலத்தில் ஆணி அடிக்கிற படத்துக்கு முன்னால், "அந்தக் கை வெளங்காமப் போகட்டும் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வேகத்தில் பயந்துபோய் மூன்று தடவை அருள்நிறை மரியே ஜெபம் சொன்னாள்.

நாலு வருஷத்துக்கு முந்தைய சித்திரையில், பழனி பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திய பிராங்கிளின் படிக்கட்டிலிருந்து கீழே கால் வைத்தபோது அப்படியே சாய்ந்தான். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது கையும் காலும் போயின, இடது கையும் பலமிழந்து தூக்க வராமல் ஆயிற்று. பேச்சும் போயிற்று. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவனிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது.

"சனியனே."

தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், மூத்திரம் வந்தாலும் அதுதான். முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவந்த இளம் பங்குச்சாமியார், "கிறிஸ்துவின் திருவுடல்" என்று அப்பத்தை உயர்த்திக் காட்டியபோது, ஆமென் என்பதற்குப் பதிலாக அதையேதான் சொன்னான். சாமியார் முகம் ஒரு நிமிஷம் வெளுத்துவிட்டது. "மனசுல ஆமென்னுதான் சொல்றாரு" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு அப்பத்தை நாக்கில் வைத்தார்.

ஏஞ்சலின் முதல் மூன்று மாதம் உண்மையாகவே பார்த்தாள். அவன் கட்டிலைத் தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்தாள், முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க டவுனிலிருந்து இஃப்பத் என்ற பெண் நாலு தடவை வந்து போனாள். மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரிக்க வேண்டும், மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும், தோளைத் தூக்கி இறக்க வேண்டும். காலையில் அரைமணி, சாயங்காலம் அரைமணி.

"அக்கா, இந்தக் கையில உயிர் இருக்கு. விடாமப் பண்ணுங்க, கண்டிப்பா எந்திரிக்கும்" என்றாள் இஃப்பத்.

இஃப்பத் போனபிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு போர்வைக்குள் மூடி வைத்துவிட்டாள். அடுத்த வாரம் இஃப்பத் போனில் கேட்டபோது, "பண்றேன்மா, ரெண்டு வேளையும் பண்றேன்" என்றாள்.

பொய் அங்கே தொடங்கியது. அதற்கடுத்தது ஆடி மாதம் ஒரு பத்து மணி வெயிலில் வந்தது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு என்று அவசரமாக ஆறு பாவாடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் கேட்டான். இதோ என்றாள், எழுந்திருக்கவில்லை. மறுபடி கேட்டான். மூன்றாம் தடவை கேட்டபோது குரல் உடைந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணில் பயம் இருந்தது. தண்ணீர் வராமலே போய்விடுமோ என்கிற பயம். அவளைப் பார்த்து அவன் பயப்படுவது அதுதான் முதல் தடவை.

அவள் நெஞ்சுக்குள் தித்திப்பாக ஏதோ இறங்கியது. வேறு எந்தச் சொல்லாலும் அதைச் சொல்ல முடியாது. நாற்பத்தாறு வயது வரைக்கும் அவள் அறியாத தித்திப்பு. மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். அந்தச் சத்தத்தில் அவன் குரல் மூழ்கிப்போயிற்று. ஒரு பாவாடை முழுசாக முடிந்தபிறகுதான் எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

அதன்பிறகு நாளுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. மின்விசிறியை அவன் பக்கம் படாமல் திருப்பிவைப்பாள். கோதுமைக் கஞ்சியை ஆறவிடாமல் ஊட்டுவாள், அவன் கண்ணில் நீர் முட்டினால் "ஐயய்யோ, சுட்டுருச்சா?" என்பாள். பழனி பஸ் போகிற சத்தம் கேட்கிற ஜன்னலைச் சாத்துவாள். மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஷைனி போனில் பேசிவிட்டு வைத்ததும், "ஒங்கள ஒரு வார்த்த கேக்கலையே அவ" என்பாள். அது பொய்யில்லை. ஷைனி கேட்கத்தான் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது வந்த ருசி அவளுக்குத் தெரியும்.

வெளியே அவள் பெயர் ஏறிக்கொண்டே போயிற்று. பங்கு மக்களின் ஜெபக்குழுவான அன்பியத்துக்குத் தலைவி அன்னாள், ஜெபக்கூட்டம் நடக்கிற வீட்டுக்கு வீடு இவளைச் சொன்னாள். கட்டின புருஷன் திட்டத் திட்ட முகம் சுளிக்காமல் பீ அள்ளுகிறாள், புனிதை என்றால் இவள்தான் புனிதை என்றாள். நவம்பரில் கோயிலில் வைத்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிராங்கிளினைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். எல்லோரும் கைதட்டியபோது அவன் உரக்கச் சொன்னான், அந்த ஒரே சொல்லை. பாவம், மூளை கலங்கிய மனுஷன் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏஞ்சலினுக்கு மட்டும் அவன் சொல்ல வந்தது விளங்கியது.

பாவங்களைச் சாமியாரிடம் அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு மாதம் தவறாமல் போனாள். "பொறுமை இழந்தேன் சாமி" என்பாள். "உங்க நெலமையில யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? உங்ககிட்ட நான் கத்துக்கணும்" என்பார் சாமியார். அவள் எழுந்து வந்து நற்கருணை வாங்குவாள். நாக்கில் அப்பம் கரைவதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஷைனி வந்தாள். வந்த மூன்றாம் நாள் காலையில் ஏஞ்சலின் குழாயடியில் துணி அலசிவிட்டு உள்ளே வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். ஷைனி அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை உதட்டு வரைக்கும் கொண்டுபோனாள். அவன் வாயைத் திறந்ததும் கரண்டியைப் பின்னுக்கு இழுத்தாள். மறுபடி கொண்டுபோனாள், மறுபடி இழுத்தாள். மூன்றாம் தடவை அவன் கழுத்தை எக்கிக்கொண்டு வர, கஞ்சி தாடையில் ஒழுகியது.

"தாயே மகளேன்னு கெஞ்சுங்கப்பா, தாரேன்" என்றாள் ஷைனி. அவள் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. பிராங்கிளினின் சிரிப்பு. கதவைச் சாத்திவிட்டுத் திரும்புகிறபோது வருகிற அதே சிரிப்பு, இருபது வயதுப் பெண்ணின் முகத்தில்.

"ஏ புள்ள, என்ன பண்ற?"

ஷைனி திரும்பினாள். பதறவில்லை. "நீ பண்றதத்தான். மூணு நாளா பாத்துக்கிட்டுத்தானம்மா இருக்கேன். கஞ்சி கொதிக்குது, ஃபேன் செவத்தப் பாக்குது. நான் நர்சிங் படிக்கிறவ, அந்தக் கையப் பாத்தாலே தெரியாதா எனக்கு? ஒரு நாளு நீ நீவி விட்டதில்ல." குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒன்னக் கொறை சொல்லலம்மா. நீ இம்புட்டு வருஷமா பட்டதுக்கு இது ரொம்பக் கம்மி. நல்லாப் பண்ணு. நானும் பண்றேன்."

மகள் பாராட்டினாள். ஊர் போர்த்திய பொன்னாடையைவிட அந்தப் பாராட்டு அவளை அதிகமாகக் கூசவைத்தது. அடுப்படிக்குள் தள்ளிவிட்டுக் காப்பாற்றிய பிள்ளை. அவன் விஷம் அங்கேயும் வந்து அவளைத் தொட்டுவிட்டது. தானேதான் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது, அவள் போய் ஷைனி கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரமே கோயிலுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சூடு கஞ்சி, மின்விசிறி, மூடிவைத்த கை. முக்கியமாக அந்தத் தித்திப்பு. "எனக்கு அது புடிச்சிருக்கு சாமி. விடணும்னு நெனைக்கேன், காலையில எந்திரிச்சதும் இன்னைக்கு என்ன பண்ணலாம்னு மனசு தேடுது."

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சாமியார் கழுத்துச் சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதுப் பிள்ளை அவர். கடைசியில், "மனசத் தளரவிடாதீங்க. ஒரு ஜெபமாலை சொல்லுங்க" என்று பாவமன்னிப்புக் கொடுத்தார். அவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. ஜெபமாலையை வீட்டுக்கு நடந்து வருகிற வழியிலேயே முடித்துவிட்டாள். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, கை இன்னும் போர்வைக்குள் மடங்கித்தான் கிடந்தது. யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது, என்ன செய்ய வேண்டும் என்று.

ஜனவரியில் தொடங்கினாள். விரல்கள் இறுகிப்போயிருந்தன. நீவி விரித்தால் அவன் வலியில் அலறினான். அந்த அலறலும் அவளுக்குத் தித்தித்தது, அதுதான் கொடுமை. சில நாள் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிடுவாள். அழுத்திவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று, "ஆண்டவரே, எங்கிட்டருந்து இந்தாளக் காப்பாத்தும்" என்பாள். ஒரு வாரம் சுத்தமாக இருப்பாள், எட்டாம் நாள் தண்ணீரைத் தள்ளி வைத்துவிடுவாள். மறுபடி பாவசங்கீர்த்தனம், மறுபடி தொடக்கம். இஃப்பத்தைக் கூப்பிட்டு, இத்தனை நாள் செய்யவில்லை, பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டாள்.

இஃப்பத் வந்து கையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தோளு வரும்க்கா. முழங்கையும் வரும். வெரலு இனி முழுசா விரியாது. அப்பவே பண்ணிருந்தா விரிஞ்சிருக்கும்."

பக்கத்து வீட்டு மாயக்காள் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக் கதவு சாத்தப்படுகிற சத்தத்தை இருபது வருஷமாகக் கேட்டவள். ஒருநாள் மனது பொறுக்காமல், "ஏண்டி ஏஞ்சலு, அந்தக் கைய எதுக்குடி எழுப்புற? தூங்கட்டும் விடு" என்றாள்.

"தூங்க வச்சது நான்தான்க்கா" என்றாள் ஏஞ்சலின்.

தவக்காலம் முடிகிறபோது தோள் அசைந்தது. வைகாசியில் முழங்கை மடங்கியது. ஆகஸ்ட் மாதம் ஒரு காலைநேரம், கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முதல் கரண்டியைக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். அவன் உதட்டோரத்தில் சிரிப்பு வந்ததை அவள் கவனிக்கவில்லை. கை எழுந்து வந்து அவள் கன்னத்து எலும்பில் இறங்கியது. விரல்கள் விரியாததால் அது அறையாக விழவில்லை, குத்தாக விழுந்தது. வாய்க்குள் உப்புக் கரித்தது.

"சனியனே" என்றான் பிராங்கிளின். அவன் முகம் மலர்ந்திருந்தது. ஒன்றேகால் வருஷத்தில் அவனுக்கு வந்த முதல் சந்தோஷம் அது.

ஏஞ்சலின் எழுந்து நின்றாள். கையில் கிண்ணம் நிறையக் கொதிக்கிற கஞ்சி. அவன் மல்லாந்து படுத்திருந்தான், நகர முடியாது. சாய்த்தால் போதும். கை தவறிவிட்டது என்று சொன்னால் அன்னாள் முதற்கொண்டு ஊரே நம்பும். அவள் கிண்ணத்தைச் சாய்க்கவும் தொடங்கிவிட்டாள். விளிம்பிலிருந்து ஒரு சொட்டு அவள் கட்டைவிரலில் விழுந்து சுட்டது. அவன் முகத்திலிருந்த மலர்ச்சி அப்படியே பயமாக மாறியது. அந்தப் பயத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பழைய ருசி நாக்கடியில் ஊறியது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. "யேசுவே" என்று ஒரு தடவை சொன்னாள். ஜெபம் என்று சொல்ல முடியாது அதை. மூழ்குகிறவன் கரையைப் பார்த்துக் கத்துகிற மாதிரி.

கிண்ணத்தை ஜன்னலில் வைத்தாள். மறுபடி எழ முயன்ற அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல்முதலாக அவனை ஒருமையில் அழைத்தாள்.

"இந்தா பாரு. இனிமே இந்த வீட்டுல யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. நீயும் அடிக்கக் கூடாது, நானும் அடிக்கமாட்டேன். நான் ஒன்ன என்னென்ன பண்ணேன்னு ஒனக்குத் தெரியும். அதுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீ கேட்கமாட்ட, அது எனக்குத் தெரியும்."

அவன் அவள் முகத்தில் துப்பினான். ரத்தத்தையும் எச்சிலையும் குழாயில் கழுவிவிட்டு வந்தாள். அதற்குள் கஞ்சி ஆறியிருந்தது. கட்டிலுக்கு இடதுபக்கமாக, கை எட்டாத இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஊட்டினாள். சாயங்காலம் வழக்கம்போல் அரைமணி நேரம் அந்தக் கையை நீவி விட்டாள். நீவுகிறபோது அவளுக்கு அன்பு எதுவும் சுரக்கவில்லை. வெறுப்பு இருந்தது. ஆனால் அழுத்த வேண்டிய அளவுக்கு மேல் அழுத்தவில்லை.

மாயக்காள் மூலம் விஷயம் ஷைனிக்குப் போயிற்று. அவள் போன் பண்ணினாள்.

"அந்தக் கைய நீயே தேத்தி விட்டியாம்மா?"

"ஆமா."

"என்ன அடுப்படிக்குள்ள தள்ளிட்டு அடி வாங்குனதெல்லாம் மறந்து போச்சா?"

"மறக்கல."

"அப்ப அடிபடு" என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு ஒன்றேகால் வருஷம் அவள் பேசவில்லை. படிப்பு முடிந்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததுகூட அடுத்தவர் சொல்லித்தான் ஏஞ்சலினுக்குத் தெரியும்.

பிராங்கிளின் மாறவில்லை. இன்னும் நாலைந்து தடவை ஓங்கிப் பார்த்தான். அவள் எட்டாத தூரத்தைப் பழகிக்கொண்டாள். கரண்டியின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கி அந்த மடங்கிய விரல்களுக்குள் செருகிவிட்டாள். மூன்று மாதத்தில் அவனே ரசம் சோற்றை அள்ளிச் சாப்பிட்டான், பாதி மடியில் சிந்தும். அடுத்த வருஷம் கார்த்திகை மழையில் சளி நெஞ்சில் கட்டி, ஒரு மத்தியானம் மூச்சு நின்றது. அவளைப் பார்த்துக்கொண்டேதான் போனான். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது என்று அன்னாள் எல்லோரிடமும் சொன்னாள். அப்படி எதுவும் அதில் இல்லை. அடக்கத்துக்கு ஷைனி வந்தாள், குழியில் மண் தள்ளினாள், அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அன்பியக் கூட்டம் ஏஞ்சலின் வீட்டில் நடந்தது. பதினைந்து பெண்கள். அன்னாள் எழுந்து நின்று, "நம்ம கண்ணு முன்னால வாழுற புனிதை" என்று தொடங்கினாள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணைக் கைகாட்டி, "புருஷன் கைய நீட்டுறான்னு எங்கிட்ட அழுதியே, இந்தக்காவப் பாரு. பொறுத்துக்கிட்டா, ஆண்டவரு ஆசீர்வதிச்சாரு" என்றாள்.

அந்தப் பெண் ஏஞ்சலினைப் பார்த்தாள். அவள் தாடைக்குக் கீழே பவுடர் திட்டாக இருந்தது.

ஏஞ்சலினால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அக்கா, செத்த நிறுத்துங்க" என்றாள். பிறகு சொன்னாள். கொதிக்கிற கஞ்சியை ஊட்டியது, தண்ணீருக்கு அழவிட்டது, கையை மூடிவைத்தது, மாதக்கணக்கில் அதை ருசித்தது. ஒன்றையும் விடவில்லை. "அடி வாங்கி வாங்கி நான் புனிதையாகல. உள்ளுக்குள்ள வெசமாயிட்டேன். பொறுத்துக்கன்னு இந்தப் புள்ளைட்ட சொல்லாதீங்க. நீ ஒங்க அப்பா வீட்டுக்குப் போ தாயி."

காப்பியை யாரும் தொடவில்லை. ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். அந்த மாதமே ஏழெட்டுப் பேர் துணி தைக்கக் கொடுப்பதை நிறுத்தினார்கள். கோயிலில் அவள் உட்காருகிற பெஞ்சில் இடம் காலியாகவே கிடந்தது. பொன்னாடை போர்த்திய ஆளா இவள், செத்த மனுஷனைச் சித்திரவதை பண்ணியிருக்கிறாளே என்று அவள் காதுபடவே பேசினார்கள். "ஏண்டி வாயக் குடுத்த?" என்று மாயக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். புதுப்பெண் அப்பா வீட்டுக்குப் போனாளா என்பது தெரியவில்லை. கூட்டத்துக்கு அதன்பிறகு அவள் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஷைனி.

"எல்லார் முன்னாலயும் சொன்னியாமே."

"ஆமா."

"நான் பண்ணதையும் சொன்னியா?"

"அது ஒன்னோடது. நான் எதுக்குச் சொல்லணும்?"

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வார்டின் சத்தம் கேட்டது, யாரோ நர்ஸைக் கூப்பிடுகிற சத்தம். ஷைனி குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, இங்க ஒரு பேஷண்ட். சும்மா சும்மா திட்டுவான். நேத்து தண்ணி கேட்டான். நான் குடுக்கல. செத்த நேரம் நின்னு வேடிக்க பாத்தேன். நல்லா இருந்துச்சு."

ஏஞ்சலின் போனை வலது காதுக்கு இன்னும் நெருக்கினாள். "பெறகு?"

"குடுத்துட்டேன். ஆனா நல்லா இருந்துச்சும்மா. அது போகுமா, போகாதா?"

போகும் என்று சொல்லிவிடலாம். தாய் சொல்லக்கூடிய வார்த்தைதான். "எனக்கு இன்னும் போகல தாயி" என்றாள். "வரும். வந்தா நான் எந்திரிச்சு தண்ணியக் குடுத்துருவேன். மனசு ஒத்துக்காது, கை குடுத்துரும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சது."

ஷைனி அழுதாளா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்று சொல்லி வைத்தாள். ஏஞ்சலின் கோழி வாங்கிக் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். அந்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்து ஏஞ்சலின் தனியாக நடந்து வந்தபோது, பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பையை வைத்துக்கொண்டு ஷைனி நின்றிருந்தாள்.